ஒண்ணொண்ணு அண்ணனும் செத்துப்போன சர்வரும்

உலகத்தில் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான் என்று நம்பிய மனிதர் பினாங்குத் தீவிலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் ஆபீசில் வந்து வாய்த்தார். "எல்லாத்தையும் நிறுத்து. அப்புறம் ஒண்ணொண்ணா போட்டுப் பாரு" என்பதே அந்த வைத்தியம். அதனால் அவர் பெயரே ஒண்ணொண்ணு அண்ணன் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. ஜார்ஜ் டவுனில் ஒரு கடையின் மாடியில், ஓட்டல்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ். அவர் சர்வரைப் பார்த்துக்கொண்டார். நான் போனில் வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கினேன்.

ஒருமுறை அவருக்கு வயிற்றுவலி. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் முதல் நாள் வெறும் சோறு தின்றார். மறுநாள் மீன் குழம்பு மட்டும் சேர்த்தார். அதற்கடுத்த நாள் மீனை நீக்கிக் கோழி. "அண்ணே, என் கடைய ஏன் விசாரணை பண்றீங்க?" என்று கடைக்காரர் அழாத குறையாகக் கேட்டார். கடைசியில் குற்றவாளி ஆபீஸ் காப்பி என்று தெரிந்தது. அதைப் போடுபவர் எங்கள் முதலாளி கமலா அக்கா. ஆகவே தீர்ப்பு வெளியிடப்படவில்லை.

பள்ளி விடுமுறை நெருங்கிய நேரத்தில் ஒரு பெரிய ஓட்டலின் தளம் படுத்துவிட்டது. அறை பதிவு செய்பவர்கள் கடன் அட்டை எண் எழுதும் பக்கத்தைத் திறந்தாலே சர்வர் விழுந்துவிடும். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த ஓட்டல் போனால் ஆபீசும் போகும்.

அந்தப் பக்கத்துக்கு இரண்டு மென்பொருள்கள். எண்ணை வேறு யாரும் படிக்க முடியாதபடி மறைப்பது ஒன்று. பக்கம் சீக்கிரம் போய்ச் சேர அதைச் சுருக்குவது இன்னொன்று. அண்ணன் இரண்டையும் நிறுத்தினார். பொய் அட்டை எண் ஒன்றை எழுதிக் கொடுத்து, வாடிக்கையாளர் மாதிரி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க என்னை எதிரிலிருந்த இணையக் கடைக்கு அனுப்பினார். அந்தக் கடையின் ஒரே டெலிபோன் லைனும் இணையத்துக்குப் போய்விட்டதால், மாடி ஜன்னலில் நின்று கத்தினார்.

"சாந்தி, விழுந்துச்சா?"

"விழல அண்ணே."

மறைப்பதை மட்டும் போட்டார். விழவில்லை. சுருக்குவதை மட்டும் போட்டார். அப்போதும் விழவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டார்.

"செத்துப்போச்சு அண்ணே."

அதற்குள் தெருவில் பாதிப்பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூக்கடைக்காரர் என்னிடம் ஓடி வந்தார்.

"யாரும்மா செத்தது?"

"சர்வர்."

"ஐயோ பாவம். எந்தக் கடை சர்வர்?"

நான் விளக்குவதற்குள் அவர் மூலையிலிருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் அன்று முழுக்க எங்களை முறைத்தார்.

நான் மாடிக்குத் திரும்பியபோது கமலா அக்கா, "ரெண்டுல எதுதான் கெட்டது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டுமே நல்லதுதான் அக்கா. டுரியான் பழம் தனியா சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது. பியர் தனியா குடிங்க, ஒண்ணும் ஆகாது. சேர்த்து உள்ள தள்ளினா ஆஸ்பத்திரி லா."

அட்டை எண் கேட்கும் பக்கத்துக்கு மட்டும் சுருக்குவதை நிறுத்தினார். பக்கம் சற்று மெதுவாக வந்தது, ஆனால் விழவில்லை. ஓட்டலும் எங்களை விட்டுப் போகவில்லை.

பிறகு அண்ணன் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலை மாறிப் போனார். ஆபீஸ் அமைதியானது. அந்த அமைதியை எங்களால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியவில்லை.

"சாந்தி, சும்மா ஒரு போன் போட்டு, ஏதோ கெட்டுப்போச்சு, வாங்கன்னு சொல்லேன்" என்றார் கமலா அக்கா.

நான் காலையிலேயே சொல்லிவிட்டிருந்தேன்.