தொப்பியைத் தூக்கினால் டிங்

செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் செல்மர் இருநூறு தோட்டாக்களைத் தீர்த்துவிட்டான். நானூறு கஜத்துக்கு அப்பால் சங்கிலியில் தொங்கிய இரும்புத் தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சுற்றியிருந்த புல்தரை மட்டும் கோழி கிளறியது போலக் கிடந்தது.

அவன் மனைவி ஆர்டிஸ் நீல ஏப்ரனும் கையில் அளவு நாடாவுமாகக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள்.

"தையல் மெஷின் ஜன்னலோரம். துணி அலமாரி இந்தப் பக்கம். உன் துப்பாக்கி மேசையோட கால வெட்டிட்டா நல்ல பெஞ்சு ஆகும்."

"இன்னும் நாலு நாள் இருக்குடி!"

"இருக்கட்டும். அளவெடுத்து வச்சா என்ன குறைஞ்சா போயிடும்?"

வாய்க்கொழுப்பு அவனுடையதுதான். போன மாதம் டவுன் காபிக் கடையில் பத்துப் பேர் முன்னால், "இந்த வருஷப் போட்டியில அஞ்சுக்கு மூணு அடிக்கலேன்னா என் கொட்டகை ஆர்டிஸுக்கு. அவ அதுல தையல் ரூம் போட்டுக்கட்டும்" என்று மார்தட்டியிருந்தான். பத்துப் பேரும் கைதட்டினார்கள். அத்தனை பேர் பார்க்க ஆர்டிஸும் தட்டினாள்.

கொட்டகை போனால் செல்மருக்கு வேறு என்ன இருக்கிறது? முப்பத்தொரு வருஷமாகக் காலையில் காபிக் கோப்பையோடு அதற்குள் நுழைந்தால் இருட்டும்போதுதான் வீட்டுக்கு வருவான். போன குளிர்காலத்தில் கூரை ஒழுகியதால் பதினைந்து நாள் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதாயிற்று. கை சும்மா இருக்குமா? சமையலறை டப்பாக்களை எல்லாம் எழுத்து வரிசைப்படி மாற்றி அடுக்கினான். கதவு கிறீச்சிடுகிறது என்று கதவையே கழற்றினான். ஆர்டிஸ் குழம்பு கிண்டும்போது பக்கத்தில் நின்று, கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று பாடம் எடுத்தான். அந்தப் பதினைந்து நாளை நினைத்தால் அவனுக்கு இன்னமும் மூச்சு முட்டும்.

அமெரிக்காவின் மொன்டானாவில் துப்பாக்கி சுடாதவர்கள் குறைவு. ஆனால் செல்மர் கூட்டத்தாரின் கிறுக்கு தனி. இவர்களுடைய தோட்டா சத்தத்தைவிட மெதுவாகப் போகும். துப்பாக்கி முனையில் சத்தத்தை அடக்குகிற குழாயையும் மாட்டிவிட்டால், சுட்டது பூனை தும்மியது மாதிரிதான் கேட்கும். சுட்டுவிட்டு ஒரு வாய் காபி குடிக்கலாம். தோட்டா அதுபாட்டுக்கு வானத்தில் ஏறி, நிதானமாக இறங்கி, தட்டில் விழும். அப்புறம் 'டிங்' என்று சத்தம் திரும்பி வரும். அந்த டிங்குக்காகத்தான் இத்தனை பாடும். தட்டைக் குறிபார்த்தால் தோட்டா பாதி வழியிலேயே மண்ணைக் கவ்வும்; பின்னால் மலைமேல் நிற்கும் ஒற்றைப் பைன் மரத்தைக் குறிபார்க்க வேண்டும். செல்மரும் அந்த மரத்தைத்தான் பார்த்தான். தோட்டா என்னவோ இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது.

புதன்கிழமை துப்பாக்கிமேல் இருந்த குறிபார்க்கும் ஸ்கோப்புக்கு அடியில் பீர் டின்னை வெட்டி ஒரு தகடு செருகினான். தோட்டா தட்டுக்கு மேலே போயிற்று. இறுக்கினால் சரியாகும் என்று திருகினான். ஸ்குரூவின் தலை முறிந்தது. ஸ்கோப் ஆடியது. கறுப்பு டேப்பைச் சுற்றினான். முந்தின நாள்வரை இடது பக்கம் போய்க்கொண்டிருந்த தோட்டா இப்போது எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பக்கத்துப் பண்ணை ஆரினைத் தேடிப் போனான்.

"டேய், தட்டுக்கு அறுபதடி தள்ளி ஒரு பெரிய பாறை இருக்குல்ல? சனிக்கிழமை நீ அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ. தட்டுக்குப் பின்னால ஒரு சுத்தியலக் கட்டி, மீன் பிடிக்கிற நரம்ப பாறை வரைக்கும் இழுத்து விடறேன். நான் சுட்டதும் நீ நரம்ப இழு. டிங்!"

ஆரின் தாடையைச் சொறிந்தான். "எல்லாம் சரி. நீ சுட்டது எனக்கு எப்படிடா தெரியும்? உன் துப்பாக்கி தும்முறது உனக்கே கேக்காது."

செல்மர் இதை யோசிக்கவில்லை. சத்தமில்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு கள்ளத்தனம் பண்ணுவதில் இப்படி ஒரு சங்கடம் இருப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தொப்பியத் தூக்குறேன். என் வெள்ளைத் தொப்பி நானூறு கஜத்துல நல்லாத் தெரியும். தூக்கினதும் மூணு எண்ணு. இழு."

"நடுவர் யாரு, லவோன் டீச்சர்தானே? நாலாங்கிளாஸ்ல நீ காப்பியடிச்சப்போ நாள் பூரா மூலையில நிக்க வச்சாங்களே?"

"அது ஆச்சு ஐம்பது வருஷம்!"

"அவங்க மறக்கலடா. போன வாரம்கூட அதச் சொல்லிச் சிரிச்சாங்க."

சனிக்கிழமை விடிந்தது. ஆர்டிஸ் பெரிய அண்டாவில் மாட்டிறைச்சிக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, "நீ சுடுறதப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். செல்மருக்கு அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குள் போட்டிக்காகச் செல்மரின் புல்தரையில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். செல்மர் பைனாகுலரில் பாறையைப் பார்த்தான். ஒரு முடிகூடத் தெரியவில்லை. ஆரின் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிவான் என்று அவன் எதிர்பார்க்கவேயில்லை.

லவோன் டீச்சர் கையில் நோட்டோடு காரிலிருந்து இறங்கினார். பெண்களைக் கண்டால் தொப்பியைத் தூக்குவது அந்த ஊர் ஆண்களுக்குக் கை தானாகச் செய்யும் வேலை. செல்மர் தூக்கினான்.

டிங்.

எல்லோரும் திரும்பினார்கள். துப்பாக்கிகள் எல்லாம் உறையில் இருந்தன.

"யார் சுட்டது?" என்றார் டீச்சர்.

"காத்து, டீச்சர்."

"இலை அசையலையே."

இனி செத்தாலும் தொப்பியைத் தொடுவதில்லை என்று செல்மர் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டான். அதற்குள் பாதிரியார் ஜெபத்துக்கு எழுந்தார். ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"செல்மர்!" டீச்சர் பல்லைக் கடித்தார். "ஆண்டவர் முன்னாடியும் தொப்பியா?"

கழற்றினான். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினான். பாதிரியார் "ஆமென்" என்றார்.

டிங்.

"தட்டுகூட ஆமென் சொல்லுதுய்யா!" என்று யாரோ சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாதிரியாரே சிரித்தார். செல்மருக்குச் சட்டைக்குள் வியர்வை ஓடியது. இந்த ஆரின் பயல் கொஞ்சம் மூளையை உபயோகித்தால் என்ன?

மற்றவர்கள் சுட்டார்கள். சிலர் இரண்டு, ஒருவர் நான்கு. செல்மரின் முறை வந்தது. மேசையில் உட்கார்ந்தான். டேப் சுற்றிய ஸ்கோப் வழியாகப் பைன் மரம் மூன்றாகத் தெரிந்தது. நடுமரத்தைப் பிடித்துக்கொண்டான். தொப்பியைத் தூக்கி வைத்தான். சுட்டான்.

டிங்.

"ஒண்ணு," என்று டீச்சர் குறித்துக்கொண்டார்.

மறுபடி தொப்பி. மறுபடி தும்மல். டிங். கூட்டம் ஆரவாரித்தது. இன்னும் ஒன்றே ஒன்று. கொட்டகையின் பழைய ரேடியோவும் கிழிந்த நாற்காலியும் கண்ணுக்குள் வந்தன. தொப்பியைத் தூக்கி வைத்து விசையை அழுத்தினான்.

'டிக்' என்றது துப்பாக்கி. தோட்டா வெடிக்கவில்லை.

'இழுக்காதடா, இழுக்காதடா!' என்று மனசுக்குள் கதறினான்.

டிங்!

"மூணு!" என்று கூட்டம் குதித்தது. தொப்பிகள் பறந்தன. டீச்சர் மட்டும் குதிக்கவில்லை. மெதுவாக மேசைக்கு வந்தார்.

"போல்ட்ட இழு, செல்மர்."

இழுத்தான். முழுசாக ஒரு தோட்டா வெளியே விழுந்து மேசைமேல் உருண்டது.

"மூணாவது தோட்டா இங்க இருக்கு," என்றார் டீச்சர். "அப்ப அங்க போனது எது?"

செல்மர் எழுந்து நின்றான். நாலாங்கிளாஸ் மூலையில் நின்ற அதே மாதிரி நின்றான்.

"ஏமாத்திட்டேன் டீச்சர். பாறைக்குப் பின்னால ஆரின் இருக்கான், நரம்ப இழுக்கிறான். கொட்டகை போயிடுமேன்னு பயந்துட்டேன். தப்புதான். ஆர்டிஸ் வந்ததும் சாவியக் குடுத்துடறேன். இன்னைக்கே காலி பண்ணிடறேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கே நெஞ்சு லேசானது. கூட்டத்தில் சிலர் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். அப்போது பின்னாலிருந்து ஹாரன் சத்தம். ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஆறு அட்டைப்பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஆரின் இறங்கினான்.

"டவுன் பேக்கரியில ஒரே கூட்டம். இந்தக் கேக்கெல்லாம் எங்க வைக்கிறது?"

செல்மர் அவனையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தான். "நீ... நீ இங்க இருக்கியே! அப்ப அங்க யாருடா?"

ஆரின் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பது பேரும் பாறைப் பக்கம் திரும்பினார்கள். அதற்குப் பின்னாலிருந்து, கழுத்தில் பைனாகுலரோடு ஓர் உருவம் எழுந்து, ஒரு கையில் நரம்பைப் பிடித்தபடி இன்னொரு கையை இடுப்பில் வைத்து நின்றது. நானூறு கஜமானால் என்ன? அந்த நீல ஏப்ரனை அவனுக்குத் தெரியாதா?

பெண் ஒருத்தியைக் கண்டதும் செல்மரின் கை தானாகத் தொப்பியைத் தூக்கியது.

டிங்.

"ஆர்டிஸா!" டீச்சருக்கே குரல் உயர்ந்தது. "கொட்டகை அவளுக்குத்தானே கிடைக்க இருந்தது? இவன் ஜெயிக்க அவ ஏன் நரம்ப இழுக்கிறா?"

ஆரின் கேக் பெட்டிகளை மேசைமேல் வைத்தான்.

"வியாழக்கிழமையே என் வாயக் கிண்டிட்டாங்க, டீச்சர். 'நீ சொதப்பிடுவ, நானே இழுத்துக்கிறேன். கொட்டகை போயிட்டா இந்த மனுஷன் நாள் பூரா என்கூட வீட்டுக்குள்ளல்ல இருப்பான்!'ன்னாங்க."