ஜீப்பு நைனாவும் நாகலாபுரத்துச் சுனையும்

நல்ல சாலை பக்கத்திலேயே இருக்க, அதை விட்டு இறங்கிப் பள்ளத்தில் வண்டி ஓட்டும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ராயபுரம் கல்மண்டபத்தில், எங்கள் தெருவில் குடியிருந்தார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்கே அது மறந்திருக்கும். எங்களுக்கு அவர் ஜீப்பு நைனா. துறைமுகப் பட்டறையில் அவர் ஃபிட்டர், நான் குமாஸ்தா. யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்துக்கட்டிய ஜீப்பு ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஆறு மாதம் வாசலில் போட்டுத் தட்டித் தட்டி, ஒருநாள் உறுமவைத்துவிட்டார். கதவு கிடையாது, கூரை கிடையாது. ஹாரன் அடித்தால் விளக்கு எரியும்.

"மத்த வண்டில ரெண்டு சக்கரம் ஒயைக்கும், ரெண்டு சொம்மா கூட ஓடும். இதுல நாலும் ஒயைக்கும் கிளார்க்கு!"

அதை நிரூபிக்கத் திருவொற்றியூர் கடற்கரை மணலில் இறக்கினார். வண்டி நிஜமாகவே போயிற்று. காயப்போட்டிருந்த வலை ஒன்றும் கூடவே போயிற்று. வலைக்காரம்மா துரத்திக்கொண்டே கொடுத்த வசவில் பாதிக்கு எனக்கு இன்னும் அர்த்தம் தெரியாது. மறுநாள் நைனாவே உட்கார்ந்து கிழிசலைப் பின்னிக் கொடுத்தார். கிழிசலே தேவலை என்று அந்த அம்மாள் இன்னொரு பாட்டம் திட்டினாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மலைப் பக்கம் கிளம்பிவிடுவார். எங்கேயாவது ஊற்றோ சுனையோ இருக்கிறதென்று விறகுக்காரன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலம் கூஜா நிறைய அந்தத் தண்ணீரோடு வந்து தெருவுக்கே விநியோகிப்பார். ஒருமுறை பாதிரியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதிலே தவளை இருந்ததா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சாமி. ரொம்பச் சின்னது."

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அவர் மனைவி ஞானம்மா. மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நாலு வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் ஜன்னலுக்கு எதிரே இருந்த அடுத்த வீட்டுச் சுவர்தான். நைனா ஜீப்பின் முன்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு பிரம்பு நாற்காலியைத் துறைமுகக் கயிற்றால் கட்டி அவளை உட்காரவைத்தார். வழி நெடுக அவரைக் கிண்டல் செய்துகொண்டே ராணி மாதிரி போவாள்.

ஒரு ஞாயிறு, வண்டி தள்ள ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நாகலாபுரம் மலையடிவாரம் வரை ஒழுங்காகப் போன ஜீப்பு, ஓடைச் சேற்றில் நாலு சக்கரமும் புதைந்து நின்றது.

"நாலும் ஒயைக்குதுய்யா, உள்ள போறதுக்கு!" என்றாள் ஞானம்மா.

நைனா வண்டியை அப்படியே விட்டு இறங்கினார். அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு பாறை மேல் ஏறினார். நானும் பின்னாலேயே மூச்சு வாங்க மேலே போனால், மரநிழலில் ஒரு சுனை. அடியில் கிடந்த கூழாங்கல் வரை தெரிந்தது. அவளைக் கரையில் உட்காரவைத்துக் காலைத் தண்ணீரில் விட்டார்.

"சில்லுனு கீதா?"

"ஒண்ணும் தெர்ல. பாக்க நல்லா கீது."

அப்போதுதான் எதிர்க்கரைப் புதர் அசைந்தது. வெளியே வந்தது ஒரு கரடி.

நான் எழுந்துவிட்டேன். நைனா என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னார்: "நீ போ கிளார்க்கு. நான் இவளோட குந்திகினு கீறேன்." குரலில் கோபமில்லை. தூக்கிக்கொண்டு ஓட முடியாது, விட்டுவிட்டு ஓடவும் முடியாது என்று கணக்குப் போட்டு முடித்தவர் குரல். எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்ப உட்கார்ந்தேன்.

கரடி எங்களையே பார்த்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. பிறகு குனிந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் அதன் முதுகில் மயிரைக் கெட்டியாகப் பிடித்தபடி இரண்டு குட்டிகள் தெரிந்தன.

ஞானம்மா அவர் கையைப் பிடித்தாள். "யோவ், பாருய்யா. உன்ன மாரியே முதுவுல தூக்கிகினு வந்துகீறா."

கரடி குடித்து முடித்துக் குட்டிகளோடு வந்த வழியே போய்விட்டது.  நைனா தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் முகம் கழுவும் ஆளை நான் பார்த்ததில்லை.

"ரெண்டு குட்டி! நாலு வருஷம் அந்தச் செவுத்த பாத்ததுக்கு இது ஒண்ணு போதும்யா" என்று ஞானம்மா சிரித்தாள்.

பொழுது சாய்வதற்குள், அந்தப் பக்கம் வந்த விறகுக்காரர்களின் மாடுகள் ஜீப்பை இழுத்துவிட்டன. ராயபுரம் வந்து இறங்கியதும், இனி இந்த ஆளோடு எங்கும் போவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் என்னைக் கூப்பிடவில்லை. பூசை முடிந்ததும் நானாகவே போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.