இருட்டுக்கு ஒத்திகை

"நூத்துக்கு எழுபது," என்றார் கண் டாக்டர். "சர்க்கரை விழித்திரையில வேலையைக் காட்டிடுச்சு. இப்படியே விட்டா ரெண்டு வருஷத்துல பார்வை போக அவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. ஊசி போட்டுக்கிட்டா தடுக்கப் பார்க்கலாம்."

எழுபதுக்குப் பிறகு சொன்ன எதுவும் கட்டிங் மாஸ்டரின் மண்டையில் ஏறவில்லை. முப்பது வருடமாகத் துணியில் கோடு பிசகாமல் கத்தரி ஓட்டியவர். வீட்டில் சொன்னால் மனைவி இடிந்துபோவாள். சொல்லாமலே இருட்டில் வாழப் பழகிக்கொள்வது என்று முடிவெடுத்தார்.

மறுநாள் அவள் குளிக்கப் போனதும் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார். நாலாவது அடியில் ஒரு நாற்காலி முழங்காலைப் பதம் பார்த்தது. எல்லா நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளிவிட்டார்.

சுவரோரமாக வந்தவள் நேராகப் போய் மோதிக்கொண்டாள்.

"எதுக்குங்க இதை இங்க இழுத்துப் போட்டீங்க?"

"கூடம் கொஞ்சம் விசாலமா இருக்கட்டுமேன்னு..."

"இத்தனை வருஷம் இல்லாத விசாலம் இப்ப எதுக்கு?"

அடுத்து சமையலறை. தடவியே கண்டுபிடிக்க வசதியாக டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். அன்று அவருடைய அரைச் சர்க்கரை டீ உப்புக் கரித்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்!"

அவளும் ஒரு வாய் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். மாஸ்டருக்குக் காரணம் விளங்கவில்லை.

மூன்றாம் நாள், காலுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று கால்மிதியைப் படியின் விளிம்புக்கு நகர்த்தினார். அதில் தடுக்கி விழுந்து அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மாஸ்டர் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் என்னாலதான். எனக்குக் கண்ணு போகப்போகுதாம். உனக்குத் தெரியாமலே பழகிக்கலாம்னு பார்த்தேன்."

அவள் கை நீட்டி அவர் முகத்தை மெல்லத் தடவினாள்.

"ஊசி இருக்குன்னு சொல்லியிருப்பாங்களே?"

"ஏதோ சொன்னாரு."

"எழுந்திரிங்க. இன்னைக்கே போறோம். தள்ளிப்போடக் கூடாதுங்க, தள்ளிப்போடவே கூடாது."

இவ்வளவு பதற்றத்தை அவளிடம் அவர் பார்த்ததே இல்லை.

கண் மருத்துவமனை வாசலில் நர்ஸ் ஒருத்தி மாஸ்டரைத் தாண்டி ஓடிவந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா! உங்களுக்குப் பார்வை போய் ஆறு மாசம் கழிச்சாவது வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களேம்மா!"