ஒரு ‘ன்’ குறைந்த தாத்தா

பதினைந்து வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்ட தன் தாத்தாவை, அந்தப் புதன்கிழமை காலை மறுபடியும் சாகடித்துவிடுவது என்று அன்பரசன் முடிவு செய்தான்.

“யோசிக்காதலே. கொன்னுட்டு நேரா உள்ள போ” என்றார் ஜெயசீலன்.

தோஹா தொழிற்பேட்டையில் ஒரு மார்பிள் பட்டறை. அன்பரசன் அங்கே கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவன். ஊர் அரியலூர் பக்கம். ஜெயசீலன் நாகர்கோவில்காரர். கம்பெனி டிரைவர், அன்பரசனின் ரூம்மேட், கேட்காமலே யோசனை சொல்லுகிறவர்.

“பாவமில்லையாண்ணே? செத்தவரைப் போய்...”

“செத்தவரைக் கொன்னா கேஸ் கிடையாது. ஞாயித்துக்கிழமை உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வரலைன்னா என்ன ஆவும்?”

என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்த முகூர்த்தத்தை விட்டால் அடுத்து ஆடி பிறந்துவிடும். ஆடி வரைக்கும் காத்திருக்க மணப்பெண் நீலாவின் முறைமாமன் தயாராக இல்லை. ‘மாப்பிள்ளை வராட்டி என்ன, நான் இல்லையா?’ என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். பட்டு வேட்டி கூட எடுத்துவிட்டானாம்.

ஆனால் லீவ்? டிசம்பரில் கத்தாரில் ஆசிய விளையாட்டு. ஹோட்டல்காரர்கள் எல்லோரும் மார்பிள் கேட்டுப் பறந்துகொண்டிருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் லீவ் கிடையாது. குடும்பத்தில் சாவு என்றால் மட்டும்தான் என்று கம்பெனி முதலாளி கஃபீல் சட்டம் போட்டுவிட்டார்.

“இப்பவே போ. ராத்திரி இத்தாலி ஜெயிச்சு ஃபுட்பால் உலகக் கோப்பை ஃபைனலுக்குப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை பெர்லின்ல மேட்ச். மேனேஜர் குளுந்து போய்க் கெடக்காரு. என்ன கேட்டாலும் குடுப்பாரு.”

அன்பரசன் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொண்டு உள்ளே போனான்.

மேனேஜர் தோனாத்தோ இத்தாலிக்காரர். தலை முழுக்கப் பஞ்சு வெள்ளை. ராத்திரி மேட்ச் பார்த்துக் கத்தியதில் குரல் கட்டியிருந்தது. நாற்காலி முதுகில் இத்தாலி அணியின் நீலச் சட்டை தொங்கியது. அவருடைய ஆங்கிலத்தையும் அன்பரசனின் ஆங்கிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு முழு வாக்கியம் தேறாது.

“சார், மை தாத்தா டெட்.”

தோனாத்தோ கண்ணாடியைக் கழற்றினார். “தாத்தா? யூ... தாத்தா?”

“எஸ் சார். மை தாத்தா.”

அவர் முகத்தில் சோகத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. கைகளைத் தொட்டில் போல வைத்து ஆட்டிக் காட்டினார். “யூ பேபி. ஷீ சிங்?”

தாத்தாவைப் போய் ‘ஷீ’ என்கிறாரே என்று அன்பரசன் திகைக்கவில்லை. இந்த ஊர் ஆங்கிலத்தில் ஆண், பெண் பார்க்கிறவர் யார்? தாத்தா பாடியதில்லை. லீவ் கிடைக்குமென்றால் பாடட்டுமே!

“எஸ் சார். டெய்லி சிங்.”

“மில்க்?”

தாத்தாவிடம் ரெண்டு எருமை இருந்தது. அவரே கறப்பார். “எஸ் சார். மார்னிங் மில்க், ஈவினிங் மில்க். ஃபுல் தாத்தா மில்க்.”

தோனாத்தோ எழுந்து வந்து அவனைத் தலையிலிருந்து கால் வரை மரியாதையாகப் பார்த்தார். “யூ ரிச் ஃபேமிலி!” என்றார். பிறகு வருத்தமாகக் கைகளை விரித்தார். “தாத்தா, லீவ் நோ. நோன்னோ, லீவ் எஸ்.”

அன்பரசன் வெளியே வந்தான்.

“என்னலே ஆச்சு?”

“தாத்தாவுக்கு நோவாம்ணே. நோ நோவுக்கு எஸ்ஸாம். எருமை இருந்துச்சுன்னேன், பணக்காரன்னு சொல்லிட்டாரு.”

வரவேற்பு மேஜையில் பத்ருன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழக்கரைக்காரி. ஆறேழு வருடமாக தோனாத்தோவின் போன்களையும் கோபங்களையும் தாங்கியதில் அவளுக்கு இத்தாலியன் ஓரளவு வந்துவிட்டது.

“தம்பி, அவங்க பாஷையில தாத்தான்னா புள்ளை வளர்க்கிற ஆயா. நீங்க உங்க ஆயாவைச் சாகடிச்சிருக்கீங்க!”

“ஆயாவா? எங்க ஊர்ல ஆயான்னா பாட்டிக்கா!”

“எங்க ஊர்ல அப்பான்னாதான் தாத்தா. வாப்பான்னாதான் அப்பா. ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொண்ணு. இத்தாலியில தாத்தான்னா நோன்னோ. கஃபீல் சட்டத்துல தாய், தகப்பன், பொண்டாட்டி, புள்ளை மட்டும்தான் இருந்துச்சு. நோன்னோவையும் சேர்த்தே ஆகணும்னு இவருதான் சண்டை போட்டுச் சேர்த்தாரு.”

“தங்கமான மனுசன்” என்றார் ஜெயசீலன், ஒரு மாதிரி இருமிக்கொண்டே.

“நோன்னோ. ரெண்டு ‘ன’. நல்லா அழுத்திச் சொல்லணும், தம்பி. அன்னம், சின்னவன்னு சொல்லும்போது அழுத்துறீங்கல்ல? அப்படி. அழுத்தம் போச்சுன்னா அர்த்தமே வேற.”

“வேறன்னா?”

போன் அடித்தது. பத்ருன்னிசா ‘புரோந்தோ’ என்று அதற்குள் போய்விட்டாள்.

அன்பரசன் நோன்னோ, நோன்னோ என்று முனகிக்கொண்டே நடந்தான். வழியில் கிரேன் ஆபரேட்டர் கான் பாய், “க்யா பாய், கிஸ்கோ நோ நோ போல் ரஹே ஹோ?” என்று, யாருக்கு ‘நோ நோ’ சொல்கிறாய் என்பதை ஹிந்தியில் கேட்டார். அவருக்குப் பதில் சொன்னதில் ஒரு ‘ன்’ எங்கேயோ கீழே விழுந்துவிட்டது.

“சார், தாத்தா நாட் டெட். மை நோனோ டெட்.”

தோனாத்தோ கையிலிருந்த காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “நோனோ?”

“நோனோ, சார்.”

அவர் ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையின் நாலு விரலையும் தூக்கிக் காட்டினார். “நைன்?”

அன்பரசனின் மூளை மின்னலாக வேலை செய்தது. ஒன்பது நாள் லீவ்! தாலி கட்டி, மறுவீடு போய், சம்பந்தி விருந்தும் முடித்துவிடலாம்!

“எஸ் சார்! நைன்! நைன் இனஃப் சார்! தேங்க்யூ சார்! சண்டே மஸ்ட், சார்.”

தோனாத்தோ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “சண்டே...” என்று ஜன்னலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

அன்பரசன் சந்தோஷமாகப் பட்டறைக்குத் திரும்பி, பாலிஷ் மெஷினை ஓட்டியபடி கல்யாணச் சாப்பாட்டில் வடை போட்டுவிட்டு அப்பளத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அப்போது சைரன் அலறியது. எல்லா மெஷின்களும் நின்றன.

கான் பாய் கிரேனிலிருந்து இறங்கி ஓடி வந்து அவனை நெஞ்சோடு அணைத்தார். “பஹுத் அஃப்சோஸ், பாய்!” ஒரு நேபாளி அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். எல்லோரும் வரிசையாக நின்று தலையைக் குனிந்தார்கள்.

ஜெயசீலன் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். “எலே, உன்னை ஒரு கிழவனைக் கொல்லச் சொன்னா, ஒன்பது பேரைக் கொன்னுருக்க!”

“ஒம்பது பேரா? ஒம்பது நாள்ணே!”

“இப்பதான் பத்ருன்னிசா சொன்னா. நோனோன்னா ஒன்பதாவதாம்! ‘ஒன்பதாவது ஆளும் செத்துட்டான்’னு நீ சொன்னதா அவரு பட்டறை முழுக்கச் சொல்லிட்டாரு. பஸ் கவுந்துச்சா, படகு கவுந்துச்சான்னு ஆளாளுக்குக் கேக்கான்.”

“அய்யய்யோ! என்னண்ணே சொன்னீங்க?”

“பஸ்ஸுன்னுட்டேன். தண்ணியில கவுந்தா பொணத்தைத் தேடணும்பான்.”

பேசி முடிப்பதற்குள் வாசலில் வெள்ளை லேண்ட் க்ரூஸர் வந்து நின்றது. மெஷின் நின்றதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கஃபீல் கோபமாக இறங்கினார். தோனாத்தோ காதில் ஏதோ சொன்னார். கஃபீலின் முகம் இளகிவிட்டது.

“மிஸ்கீன்! மிஸ்கீன்!” என்று பரிதாபப்பட்டு அன்பரசனின் தலையைத் தடவினார். “நைன் ஃபேமிலி? ஒன் பஸ்?”

அன்பரசன் ஜெயசீலனைப் பார்த்தான்.

“யூ நோ வொரி. இந்தியன் எம்பசி, மை ஃப்ரெண்ட். ஐ டெல்போன் நவ்.” அங்கியிலிருந்து மொபைலை எடுத்து எண்களைத் தட்ட ஆரம்பித்தார்.

அன்பரசனின் கண் முன்னால் எல்லாம் வரிசையாக ஓடியது. எம்பசி அரியலூருக்குப் போன் போடும். அரியலூரில் ஒரு பஸ்ஸும் கவிழ்ந்திருக்காது. மாமன், மச்சான் எல்லோரும் பந்தல்கால் நட்டுக்கொண்டிருப்பார்கள். பொய் சொன்னவனுக்கு லீவா கிடைக்கும்? விசாவே கேன்சல்! தாலி கட்டும் நேரத்தில் நீலாவின் பக்கத்தில் பட்டு வேட்டியோடு அந்த முறைமாமன்...

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, கஃபீலுக்கும் மொபைலுக்கும் நடுவில் பாய்ந்தான். யாரும் சாகவில்லை, இல்லவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். பயத்தில் பல்லோடு பல் அடித்து, வந்தது இவ்வளவுதான்:

“நோன்...னோ! சார், நோன்னோ! டெட், நோன்னோ!”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் இத்தாலியனைச் சுத்தமாக உச்சரித்திருந்தான்.

“ஆ!” தோனாத்தோ நெற்றியில் அடித்துக்கொண்டார். “நோன்னோ! நோனோ நோ, நோன்னோ!” ஒன்பது விரல்களை மடக்கி ஒன்றை மட்டும் கஃபீலிடம் காட்டினார். “நாட் நைன். ஒன். ஹிஸ் நோன்னோ. ஜித்து, ஜித்து!” என்று அரபியிலும் தாத்தாவைச் சொன்னார்.

“ஒன் ஜித்து? ஒன்லி?” கஃபீல் மொபைலை மூடினார். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று மனமார நன்றி சொல்லிவிட்டு, சொன்னது தாத்தா இறந்ததற்கு என்று உறைத்ததும் அவசரமாக இருமினார். “ஐ மீன்... சாரி.”

“நோ நோ, சார்...” என்று அன்பரசன் மறுபடியும் உண்மைக்கு முயன்றான்.

“எஸ் எஸ், நோன்னோ” என்று தோனாத்தோ அவனைத் தோளோடு இறுக்கிக்கொண்டார். இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அத்தனை முறையும் தாத்தாவே செத்தார்.

கஃபீல் அங்கேயே, காரின் மேல் வைத்தே, லீவுக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் மனம் இளகியிருந்த அந்த நேரத்தில் தோனாத்தோ கைக்குட்டையை எடுத்தார்.

“மீ ஆல்சோ நோன்னோ. வெரி ஓல்ட். வெரி சிக்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கஃபீல் அவர் முதுகையும் தட்டிக்கொடுத்தார். அன்பரசனுக்கு வியப்பாக இருந்தது. இவருக்கே அறுபதுக்குக் குறையாது. இவருக்கு ஒரு தாத்தாவா? ஆலிவ் எண்ணெய் சாப்பிடுகிறவர்கள், அப்படித்தான் இருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை அன்பரசன் பெட்டியோடு கம்பெனி கார் முன்னால் வந்து நின்றான். டிக்கியில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. பின் சீட்டில், கழுத்து வரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டையோடு தோனாத்தோ உட்கார்ந்திருந்தார்.

“சார்?”

“மை நோன்னோ” என்றார் அவர், கைக்குட்டைக்குள்ளிருந்து. “யெஸ்டர்டே.”

அன்பரசன் முன் சீட்டில் ஜெயசீலன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். பொய்யாக ஒரு தாத்தாவைக் கொன்றான். அந்தப் பாவம் போய் நிஜமான ஒரு தாத்தாவைப் பிடித்துக்கொண்டதா? ஏர்போர்ட் வரும்வரை அவனால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. இறங்கியதும் அவர் கையைப் பிடித்தான்.

“சார், ஐ லை. மை தாத்தா, மை நோன்னோ... ஓல்ட் டெட், சார். நியூ டெட் இல்ல.”

தோனாத்தோ அவனை உற்றுப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. கன்னத்தைத் தட்டினார். “நோன்னோ இஸ் நோன்னோ. டிரைவர் டெல் மீ, சண்டே மேரேஜ். கோ, மேரி!” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தார். குனிந்து பாஸ்போர்ட்டை எடுத்தபோது கறுப்புச் சட்டையின் கழுத்துக்குள் ஏதோ நீலமாகத் தெரிந்தது.

அன்பரசனால் தாங்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். “என்னாலதாண்ணே! நான் வாய வச்சுத்தான் அவரு தாத்தா போயிட்டாரு. இந்தப் பாவத்தோட எப்படிண்ணே தாலி கட்டுவேன்?”

ஜெயசீலன் அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, டிக்கியை அடித்து மூடினார்.

“அழாதலே. அவருக்க நோன்னோ நாலு வருசத்துக்கு ஒருக்கா சாவாரு. போன மட்டம் கொரியாவுல, இந்த மட்டம் பெர்லின்ல.”