மலைப்பாம்பு கலோரி பார்த்த கதை

ஒரு காட்டில், தண்ணீர் கிடைக்காவிட்டாலும் டவர் கிடைக்கிற ஒரு காட்டில், நீலமேகம் என்றொரு மலைப்பாம்பு இருந்தது. அதன் பக்கத்துப் பொந்தில் தங்கப்பழம் என்ற உடும்பு குடியிருந்தது. நீலமேகத்துக்கு உடும்புக் கறி என்றால் உயிர். தங்கப்பழத்தின் சித்தப்பா போன கோடையில் அதன் வயிற்றுக்குள் போனவர்தான், இன்னும் திரும்பவில்லை. அப்படியிருந்தும் தங்கப்பழம் ஏன் வீடு மாறவில்லை என்று கேட்பீர்கள். இந்தக் காலத்தில் நல்ல பொந்து லேசில் கிடைக்கிறதா?

ஒருநாள் நீலமேகம் ஒரு காட்டுப்பன்றியை முழுசாக விழுங்கிவிட்டு, வழக்கமான பாறை இடுக்கில் நுழைந்தது. தலை போனது, வயிறு போகவில்லை. மரத்து மேலே குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. நீலமேகத்துக்கு மானம் கப்பலேறிவிட்டது.

இதுதான் சமயமென்று தங்கப்பழம், சுற்றுலா வந்த யாரோ தவறவிட்ட செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

"அண்ணாச்சி, ரொம்பப் பெருத்துட்டிய. இதுல ஒரு ஆப் இருக்கு. எதைத் தின்னாலும் முதல்ல இதுல பதியணும். எத்தனை கலோரின்னு அதுவே சொல்லிரும்."

"நான் முழுங்குறதை அதுக்கிட்ட ஏன்டே சொல்லணும்?"

"இப்ப அதான் அண்ணாச்சி நாகரிகம். விதி ஒண்ணே ஒண்ணுதான். பட்டியல்ல பேர் இல்லாததைத் தொடவே கூடாது."

அந்தப் பட்டியலைத் தங்கப்பழம் முன்னாடியே அலசிப் பார்த்திருந்தது. முயல் இருந்தது, மான் இருந்தது, பரோட்டாவும் சால்னாவும்கூட இருந்தன. உடும்பு இல்லை. அன்றைக்குத்தான் அது பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியது.

நீலமேகத்தின் தூக்கம் போனது. எப்போதோ ஒருமுறை தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்த ஜீவனை ஆப் காலையில் எழுப்பி, "காலை உணவைப் பதியவில்லையே?" என்றது. மத்தியானமும் எழுப்பியது. சாயங்காலம், "இன்று நீங்கள் நடந்த அடிகள்: பூஜ்யம். எழுந்து நடங்கள்!" என்றது. காலே இல்லாத பிறவியிடம் பேசுகிற பேச்சா இது?

வேட்டைதான் பெருங்கூத்து. ஒரு முயலை வளைத்துப் பிடித்ததும் தங்கப்பழம் போனோடு வந்து நின்றது.

"பொறுங்க அண்ணாச்சி. தோலோடவா, தோல் உரிச்சதான்னு கேக்கு."

"நான் எதை வச்சுடே உரிக்க? தோலோடதான்."

"அவிச்சதா, பொரிச்சதா?"

சுருளுக்குள் நசுங்கிக் கிடந்த முயல் தலையை நீட்டி, "அவிச்சதுன்னு போடுங்க மாமா, கலோரி கம்மி" என்றது. "அப்போ அவிக்கணுமோ?" என்று நீலமேகம் யோசித்ததில் பிடி தளர்ந்தது. முயலைக் காணோம்.

நீலமேகம் இளைத்தது. காடே பாராட்டியது, முயல்கள் கொஞ்சம் கூடுதலாகவே பாராட்டின. ஆனால் இறுக்கிப் பிடிக்க உடம்பில் தெம்பில்லை. ஓர் எலி அதன் சுருளுக்குள்ளிருந்து "வரட்டுமா?" என்று சொல்லிக்கொண்டு போனது.

"போதும்டே. இளைச்சாச்சு. இனி இதை விட்டுருவோமா?" என்றது நீலமேகம்.

விட்டால் முதல் பந்தியில் இலைக்கு வருவது யார் என்று தங்கப்பழத்துக்குத் தெரியும்.

"விடவா? இது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பழக்கம் அண்ணாச்சி. எங்க வம்சத்தைப் பாருங்க, பிடிச்சா விடுவோமா?"

"எனக்கு ஆயுசே அடுத்த அமாவாசை வரைக்கும்தான் போலிருக்கேடே."

தங்கப்பழத்துக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் சித்தப்பாவுக்குத் துணைக்குப் போக வேண்டிவரும். "பதியாம எதையும் வாயில வைக்க மாட்டேன்னு வாக்குக் கொடுங்க" என்றது. நீலமேகமும் கொடுத்தது.

மறுநாள் தங்கப்பழம் வந்து பாறைமேல் ஏறியபோது, நீலமேகத்தின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"தம்பி, மூக்கால தட்டித் தட்டி உடும்புன்னு தேடிப் பாத்தேன்."

"அதான் பட்டியல்ல கிடையாதே! தொடவே கூடாதே அண்ணாச்சி!"

"கிடையாதுதான். ஆனா கீழே 'புது உணவைச் சேர்க்க'ன்னு ஒரு பொத்தான் இருந்துது. சேத்துட்டேன்."

"க... கலோரி?" என்றது தங்கப்பழம்.

"அந்தக் கட்டத்துல என்ன போடன்னு தெரியல. சும்மா விட்டேன். அதுவே பூஜ்யம்னு போட்டுக்கிடுச்சு."

ஓடியிருந்தால் தங்கப்பழம் தப்பியிருக்கும், நீலமேகம் அவ்வளவு சோனி. ஆனால் பயம் வந்தால் உடும்பு ஓடாது, பாறையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. நீலமேகம் வாலிலிருந்து ஆரம்பித்து, அவசரமில்லாமல் விழுங்கிக்கொண்டு வந்தது.

கழுத்தளவு உள்ளே போன பிறகு தங்கப்பழம் கேட்டது: "அண்ணாச்சி, பதிஞ்சியளா?"

வாய் நிறைய உடும்பு இருந்ததால் நீலமேகம் தலையை மட்டும் ஆட்டியது.

திரையில் கலர் காகிதம் பறந்தது. "அருமை! இன்றைய இலக்குக்குள்தான் இருக்கிறீர்கள்!"

அன்றிலிருந்து நீலமேகம் ஒருநாளும் கலோரி பதியாமல் இருந்ததில்லை. முயலைத் தின்றாலும், மானைத் தின்றாலும், முழுப்பன்றியையே தின்றாலும், உடும்பு என்றுதான் பதிகிறது.

நீதி: கலோரிக் கணக்கை ஆயுள் முழுக்கக் கைவிடாதே. எதைத் தின்றாலும் உடும்பு என்று எழுது.