ஓவசியர் மாமாவுக்கு மூன்று ஊர்க் கோப்பி

ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முழுசாகப் பேசுவதில் நான் கெட்டிக்காரன். இருபத்தைந்து வயதில் இது எனக்கு மட்டும்தான் தெரியாது. எங்கள் ஊர் அமிர்தகழியில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது நான் பதுளையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். இரண்டு வருஷம் மலையில் இருந்ததில் கோப்பிப் பைத்தியம் பிடித்துவிட்டது. பதுளைக் கொட்டை நீளம், குடித்தால் தோடம்பழத் தோல் மாதிரி ஒரு புளிப்பு. மாத்தளைக் கொட்டை மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் வளர்வதால் மிளகு மணக்கும். கேகாலைக் கொட்டை உருண்டை, தடித்த கசப்பு. லீவில் வரும்போதெல்லாம் இதைக் கேட்டவர், கேளாதவர் எல்லாருக்கும் சொன்னேன். மல்லியும் சுக்கும் போட்டு வறுத்துக் குடிக்கிற சனத்துக்கு நாக்கே இல்லையென்றும் சொன்னேன். (அம்மா வைத்த மல்லிக் கோப்பியை இரண்டு கோப்பை குடித்துவிட்டுத்தான் சொன்னேன்.)

இந்த ஞானமெல்லாம் ஓவசியர் சாமித்தம்பியை மடக்கத்தான். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வளவுக்காரர், யோகேஸ்வரியின் தகப்பன். யோகேஸ்வரியைக் கட்டாவிட்டால் நான் உயிரோடு இருந்து பிரயோசனமில்லை என்ற நிலைமை. ஆனால் வயல்வட்டையைப் பார்க்கிற வட்டைவிதானையார் தன் மகனுக்கு அவளைக் கேட்டு இரண்டு தடவை வந்துபோய்விட்டார். ஓவசியருக்கு என் புத்தியைப் பற்றிய அபிப்பிராயம் ஒற்றைச் சொல்லில் அடங்கும்: "விசரன்." அவருடைய பலவீனம் கோப்பி ஒன்றுதான்.

அந்த முறை லீவில் வந்தபோது அவர் ஒரு கிழமையாகக் காய்ச்சலில் கிடந்தார். பரிகாரியார் கோப்பியை நிற்பாட்டியிருந்தார். ஊரெல்லாம் வந்து விசாரித்துவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது என்று கேள்விப்பட்டேன். காய்ந்துபோன நாக்கில் விழும் முதல் கோப்பி என்னுடையதாக இருந்தால் பெண் எனக்குத்தான் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை அம்மா மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் என் கையிலிருந்த அகப்பையைப் பறித்திருப்பார். வளவில் மூன்று கல் வைத்து, தாச்சியை ஏற்றி, மூன்று ஊர்க் கொட்டையையும் தனித்தனியாக வறுக்கத் தொடங்கினேன். ஒவ்வோர் ஊரையும் இளவறுப்பு, நடுவறுப்பு, கருவறுப்பு என்று மூன்று விதம் பார்க்க வேண்டுமல்லவா? விடியக்காலை தொடங்கிய வேலை பத்து மணி வரை போனது. பிறகு உரலில் போட்டு இடி இடியென்று இடித்தேன். வாவிப் பக்கமிருந்து வந்த கச்சான் காற்று அந்த மணத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் முழுக்கக் கொடுத்தது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டில்தான் கோப்பி வறுத்து இடித்து ஊற்றுவார்கள். இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். காய்ச்சல்காரர் கிடக்கிற வீட்டுக்குப் பக்கத்து வளவில் காலையிலிருந்து கோப்பி வறுத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்கு மட்டும் தோன்றவில்லை. தோடம்பழத் தோல் மணக்கிறதா என்று மோந்துகொண்டிருந்தேன்.

முதலில் வந்தவர் ஓவசியரின் தங்கச்சி. கடப்படியிலேயே தலையை விரித்துக்கொண்டு, "என்ட அண்ணோ" என்று விழுந்தாராம். சமையலில் நின்ற மாமி, ஓவசியரின் பெண்சாதி, அறைக்குள் எட்டிப் பார்க்காமலே அவரைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். ஆண்கள் வெள்ளை வேட்டியும் தோளில் சால்வையுமாக வந்து முற்றத்து நீளப் பலகை வாங்கில் இருந்தார்கள். இரண்டு பேர் பந்தலுக்குக் கிடுகு கொண்டுவந்துவிட்டார்கள். ஒருவர் பறைமேளத்துக்கு ஆள் அனுப்பியாயிற்றா என்று விசாரித்தார். உரல் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நித்திரை குழம்பிய ஓவசியர் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்கதவால் வெளியே வந்து, வாங்கின் ஓரத்தில் இருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஆரு செத்த?"

பக்கத்தில் இருந்தவர் வட்டைவிதானையார். நிலத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "நம்மட ஓவசியர்தான். நல்ல மனிசன், வாய்தான் கொஞ்சம் நீளம். மறுகா, அந்த வயலெல்லாம் பெட்டைக்குத்தானே?"

"ஓம்," என்றார் ஓவசியர். "ஆனா உன்ட மகனுக்கில்ல."

விதானையார் திரும்பிப் பார்த்தார். பிறகு வாங்கு கவிழ்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் தட்டில் மூன்று கோப்பையோடு, முகமெல்லாம் கரியும் பல்லுமாக உள்ளே நுழைந்தேன். "மாமா, பதுளை, மாத்தளை, கேகாலை" என்றேன். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. தூணுக்குப் பின்னால் யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கு வாவியில் போய் விழலாம் போலிருந்தது.

ஓவசியர் அவசரப்படவில்லை. வந்த சனமெல்லாம் பார்த்திருக்க மூன்றையும் ஒவ்வொன்றாகக் குடித்து முடித்தார்.

"பதுளை புளிக்கிது. கேகாலை கசக்கிது. மாத்தளை நல்லாரிக்கு. அத எடுத்து வை தம்பி. நான் மெய்யாச் சாகக்குள்ள எல்லாருக்கும் அதத்தான் ஊத்தணும்."

ஆவணியில் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். நான் வேலியைத் தாண்டினேன், அவ்வளவு தூரம்தான். அதற்குப் பிறகு மாமா இருபது வருஷம் இருந்தார். புளிக்கிது என்று திட்டிக்கொண்டே பதுளைக் கோப்பிதான் குடித்தார். யாராவது மாத்தளை என்று வாயெடுத்தால், "அது என்ட சாமான், தொடாதே" என்பார். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை பாடம்.

ஒரு நாள் விடியற்புறம் அவர் மெய்யாகவே போய்விட்டார். பழைய வீட்டு வளவில் அதே மூன்று கல்லில் தாச்சியை வைத்து நான்தான் வறுத்தேன். கண் எரிந்தது. புகையை மட்டும் குறை சொல்ல முடியாது. மணம் ஊரெல்லாம் போயும் ஒரு சனமும் எட்டிப் பார்க்கவில்லை. விசர் மருமகன் திரும்பவும் தொடங்கிவிட்டான் என்று இருந்துவிட்டார்கள். அன்றைக்குக் கிடுகு கொண்டுவந்தவர்களில் ஒருவர் சைக்கிளில் போகிற போக்கில் வேலிக்கு மேலால் கேட்டார்.

"என்ன மனே, இண்டைக்கு எந்த ஊர்?"

"மாத்தளை," என்றேன்.

அவர் சைக்கிளை விட்டு இறங்கினார்.