ஆடி மாதத்தில் நான் பெண்சாதியைப் பிரிந்த கதை

இரண்டு வகையான ஆட்களிடம் படிவம் நிரப்பக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் தெரியாதவன் ஒருவன்; எல்லாம் தெரியும் என்று நினைப்பவன் மற்றவன். பிராங்பேர்ட்டில் நான் இரண்டாவது வகையில் முதலாவது ஆளாக இருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதியாக வந்து, வதிவிட அனுமதி கிடைத்து, ஜேர்மன்காரரின் டொச் மொழியும் ஓரளவு பேச வந்துவிட்ட தைரியத்தில், எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை எல்லாம் நானே நிரப்பிக் கொடுப்பேன். கூலி, ஒரு மீன்குழம்புச் சாப்பாடு. வசந்தியைக் கலியாணம் செய்து கூப்பிட்டபோது அவளுடைய விசாப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். கணவனோடு சேர்ந்து வாழ்வதற்கென்று கொடுத்த விசா அது. பிரிந்தால் விசாவும் போய்விடும்.

வில்லங்கம் ஆடியில் தொடங்கியது. பவேரியா மாநிலத்தில், மியூனிக்குக்குப் பக்கத்தில், கார்ஹிங்கில், மாணவர் சாப்பாட்டுக்கூடம் ஒன்றில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. யூலை நடுப்பகுதியில் வரச் சொன்னார்கள். வசந்தி ஒரு சட்டியைக்கூடக் கட்டவில்லை.

"ஆடியிலை ஆரும் வீடு மாறுவினமோ? கூடவே கூடாதெண்டு அம்மா கடிதம் போட்டிருக்கிறா. நீங்கள் போங்கோ. நான் ஆவணி பிறக்க வாறன்."

"நீர் ஜேர்மனியிலை நிண்டுகொண்டு ஆடி பாக்கிறீரோ?"

"ஏன், ஜேர்மனிக்கு ஆடி வராதோ?"

நான் தனியே ரயில் ஏறினேன். அவள் பிராங்பேர்ட்டிலேயே தன் அக்கா வீட்டில் தங்கி, சொன்னபடி ஆவணியில் வந்து சேர்ந்தாள். வீடு மாறினால் புது விலாசத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம் என்பதால், கார்ஹிங் நகரசபையில் என் பெயரை ஏற்கனவே பதிந்திருந்தேன். புருஷன் பதிந்தால் பெண்சாதியும் பதிந்தமாதிரித்தானே என்று அவளைப் பதியாமல் விட்டேன். (ஊருக்கே படிவம் நிரப்பியவனின் சட்ட அறிவு இது.)

அடுத்த ஆண்டு, கூடக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கும் காலம் வந்தது. நானோ அரை வருடம் ஒரு மாநிலத்தில், அரை வருடம் இன்னொரு மாநிலத்தில். பிராங்பேர்ட் வரிக் கந்தோர், "இப்போது நீங்கள் பவேரியாவின் ஆள்" என்று கைகழுவிவிட்டது. சரி, பவேரியாவுக்கே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். வேலை காரணமாக இரண்டு வீடு வைத்திருந்தால் அந்தச் செலவை வரியில் கழிக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஆடி முழுக்க எங்களுக்கு இரண்டு வீடுதானே! படிவத்திலும் தோதாக ஒரு கட்டம் இருந்தது: 'நிரந்தரமாகப் பிரிந்து வாழ்பவரா? எப்போதிலிருந்து?' அந்த 'நிரந்தரமாக' என்பதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. ஆடிப் பிறப்புத் திகதியை முத்து முத்தான எழுத்தில் எழுதி அனுப்பினேன்.

பதில் எனக்கு வரவில்லை. வசந்தியின் பெயருக்கு, அவள் இன்னும் பதிவில் இருந்த பிராங்பேர்ட் விலாசத்துக்குப் போய், அக்கா வீட்டிலிருந்து சுற்றி வந்தது. மாலை வகுப்பில் டொச் படித்துக்கொண்டிருந்த வசந்தி அகராதியை வைத்துக்கொண்டு குந்தியிருந்து வாசித்தாள். கணவரைப் பிரிந்தது உண்மைதானா, இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ, என்னை விட்டிட்டீங்களோ? எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

அவள் குரல் உடைந்துபோயிருந்தது. இந்தச் சங்கதி வெளிநாட்டவர் கந்தோருக்குப் போனால் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரிக் காசும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், இவள் இருந்தால் போதும் என்று அன்றுதான் பயந்து பயந்து நினைத்தேன்.

வரிக் கந்தோரில் எங்களை விசாரித்த அம்மையாருக்கு மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. நான் ஆடி மாதத்தை விளக்கினேன்.

"உங்கள் கடவுள் தடை செய்திருக்கிறாரா?" என்று கேட்டார்.

"கடவுள் இல்லை, என் மாமியார்."

"அத்தாட்சி ஏதாவது?"

சுவரில் மாட்டும் தமிழ்க் கலண்டரைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆடிப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அம்மையார் எழுந்து போய் அதைப் பிரதி எடுத்து, எங்கள் படிவங்கள் இருந்த கோவையில் போட்டார். (பவேரிய அரசின் கோவை ஒன்றில் இன்றைக்கும் ராகு காலம் இருக்கக்கூடும்.)

பிறகு வசந்தியின் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள், இவரோடுதான் வாழ்கிறீர்களா?" என்றார். மொழிபெயர்ப்பாளர் வேறு யார், நான்தான்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லோணும்" என்றாள் வசந்தி. "ஆவணியிலை வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டவர். வந்தாரோ? இடியப்ப உரலையும் சாமிப் படங்களையும் காவிக்கொண்டு நான் தனிய ரயிலிலை வந்தனான். ஸ்ரேசனுக்குக்கூட வரேல்லை."

"ஆவணியில் வந்துவிட்டாராம்" என்று மொழிபெயர்த்தேன்.

"அவர் நிறையச் சொன்னாரே" என்றார் அம்மையார்.

"பாத்தியளோ, அவவுக்கே விளங்குது!" என்றாள் வசந்தி. "குளிச்சிட்டு ஈரத் துவாயைக் கட்டில்லை போடுறதையும் சொல்லுங்கோ. குறட்டையையும் சொல்லுங்கோ."

"அண்டைக்கு எனக்கு லீவு தரேல்லை எண்டு எத்தினைதரம் சொன்னனான்? நீர் மட்டும் திறமோ? முந்தாநாள் சோத்தை அடிப்பிடிக்க விட்டது ஆர்?"

"அடிப்பிடிச்சதை வழிச்சு வழிச்சுத் திண்டது ஆர்?"

மொழிபெயர்ப்பை நான் எப்போது கைவிட்டேன் என்று தெரியாது. நடைபாதையில் காத்திருந்தவர்கள் கதவால் எட்டிப் பார்த்தார்கள். அம்மையார் கையை உயர்த்தினார்.

"ஒரே ஒரு கேள்வி. இது தினமும் நடக்கிறதா?"

இருவரும் ஒரே குரலில் "யா" என்றோம்.

அவர் சிவப்புப் பேனாவால் என் முத்து எழுத்தைக் குறுக்கே வெட்டினார். "பிரிந்து வாழ்கிறவர்களிடம் பேச இவ்வளவு விஷயம் இருக்காது" என்றார். இரண்டு வீட்டுச் செலவையும் வெட்டினார். மாமியார் ஒரு தொழில் காரணம் ஆகமாட்டாராம். இன்றைக்கே நகரசபைக்குப் போய் மனைவியைப் பதியும்படி எனக்குத் தனியாக ஒரு ஏச்சும் கிடைத்தது. நான் அவருக்கு மூன்று தரம் நன்றி சொன்னேன். வெளியே வந்ததும் வசந்தி வாசற்படியில் இருந்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அந்தத் துவாய்க் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படிவங்களை வசந்திதான் நிரப்புகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடும் வேலை மட்டும். இங்கே பிறந்து வளர்ந்த மகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். எப்போதாவது நாங்கள் இருவரும் கோபத்தில் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

"அப்பா, வீட்டிலை ஒரு சத்தத்தையும் காணேல்லை. வரிக் கந்தோருக்கு அறிவிக்கட்டோ?"

உடனே குசினிக்குள்ளிருந்து வசந்தி என்னை ஏசத் தொடங்குவாள். எனக்கு அப்பாடா என்றிருக்கும்.